முப்பத்திரண்டு துண்டுப் பந்து

மச்சானின் பீரோவை இந்த ஜென்மத்தில் இனித் தொடுவதில்லை என்று சர்வேயர் முடிவு செய்துவிட்டார். மச்சான் இரண்டு வருஷத்துக்கொரு முறை வீடு மாற்றுகிறவர். வீடு மாறும், பீரோ மாறாது. போன தடவை அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கியதில் சர்வேயர் பதினைந்து நாள் செங்கோணத்தில்தான் நடந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி சொன்னாள்: "சனிக்கிழமை அண்ணன் வீடு மாத்தறாரு. எட்டு மணிக்கெல்லாம் போயிடுங்க."

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவள் அவள். வீட்டிலும் அதே குரல்தான். ஏறாது, இறங்காது.

சர்வேயர் தயாராக இருந்தார். மகளின் வகுப்பில் நாலு நாலு பேராகச் சேர்ந்து காகிதத்தில் கால்பந்து செய்யச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு ஐங்கோணம், இருபது அறுகோணம். திங்கட்கிழமை வகுப்பில் உருட்டிக் காட்ட வேண்டும். உதவி கேட்டு மகள் ஒரு வாரமாக அவர் பின்னாலேயே சுற்றினாள். அவரும் ஒரு வாரமாக, "பார்க்கலாம்" என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையா? அன்னைக்குத்தானே பாப்பாவோட பந்து," என்றார்.

"அதை அவங்களே பண்ணிக்குவாங்க."

"அதெப்படி? கோணம் ஒரு டிகிரி தப்பினா பந்தே கோணலாயிடும். படிப்பு விஷயம். நான் பக்கத்துல இருந்தே ஆகணும்."

"கட்டாயம் இருப்பீங்களா?"

"அசைய மாட்டேன்."

"அட்டை, பசையெல்லாம் நீங்களே வாங்கிடுவீங்களா?"

"இப்பவே."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "சரி, அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

இவ்வளவு லேசாக முடியும் என்று அவர் நினைக்கவேயில்லை.

சனிக்கிழமை மனைவி டிப்போவுக்குக் கிளம்பிப் போனதும் மகளின் தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். அன்றைய பேப்பரோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, "ம், நல்லா வருது" என்று நடுநடுவே சொன்னால் போதும் என்பது சர்வேயரின் திட்டம். ஆனால் வந்தவர்களில் ஒருத்தி கண்ணாடி போட்டவள். எல்லோரும் அவளைக் கலெக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"அங்கிள், அறுகோணமெல்லாம் உங்க பொறுப்பு. ஒட்டறதுக்கு விளிம்பு விட்டு வெட்டுங்க."

பதினொரு மணிக்குள் அவர் இருபதையும் வெட்டி, அதில் ஏழு துண்டுகளை அவராகவே ஒன்றோடொன்று ஒட்டியும் வைத்திருந்தார். இடைவெளியே இல்லை. பெருமையோடு தரையில் விரித்தார்.

கலெக்டர் குனிந்து பார்த்தாள். "அங்கிள், இது பந்து இல்ல. பாய்."

"ஏன், அழகாத்தானே சேருது?"

"அதான் தப்பு. ஒவ்வொரு ஐங்கோணத்தைச் சுத்தியும் அஞ்சு அறுகோணம் வரணும். அப்பத்தான் வளையும்."

"மூளையை வச்சு ஒட்டுங்கப்பா," என்றாள் மகள்.

"மூலையை வச்சுத்தாம்மா ஒட்டறேன்."

பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஐங்கோணத்தின் கடைசிப் பக்கமும் ஒட்டியபோது, காகிதம் தானாக வளைந்து உள்ளங்கையில் கிண்ணமாக உட்கார்ந்தது. இருபது வருஷமாகத் தட்டையான வரைபடங்களையே போட்டுப் பழகிய மனுஷன். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேப்பர் ஞாபகமே வரவில்லை. கடைசித் துண்டு காயும்வரை, பசை படிந்த விரல்களோடு, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். பந்தை எடுத்து மெல்ல உருட்டிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு."

"பாவம், உங்கண்ணன். பீரோ ஏறிடுச்சா?" குரலில் தேவையான அளவு கவலையைக் கலந்து கேட்டார்.

"இன்னும் இல்ல. வண்டி நாளைக்குத்தான் வருது."

"சனிக்கிழமைன்னு சொன்னியே?"

"சொன்னேன். போன வாரமே ஞாயித்துக்கிழமைன்னுதான் முடிவாச்சு." கைப்பையை ஆணியில் மாட்டினாள். "இருநூறு டிரைவருக்கு டியூட்டி போடறேன். யாரா இருந்தாலும் ஒரு காரணம் ஒரு தடவைதான் செல்லும். பாப்பாவும் பாவம், ஒரு வாரமா உங்களைக் கெஞ்சிட்டிருந்தா."

சர்வேயர் மெதுவாக இடுப்பில் கையை வைத்தார்.

"எட்டு மணிக்குப் போயிடுங்க," என்றாள். "இந்தத் தடவை நாலாவது மாடி."