எட்டுப் போடும்போது வந்த விடை

2019 ஜூன் 12, புதன்கிழமை. காலை 5.30-க்கு எழுந்தேன். 5.40-க்குத் தேநீர். 6.15-க்கு நாட்குறிப்பு. 9.05-க்கு மனைவி பர்வீனோடு ஓட்டுநர் உரிமத் தேர்வு மைதானம். நான் கவனமான மனிதன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அன்று பகல் 12.10 வரை எனக்கும் தோன்றியது.

பர்வீனுக்குச் சாக்கோட்டைக்கு மாற்றல் வந்திருந்தது. அலுவலக நேரத்துக்குத் தோதான பேருந்து இல்லை. தினமும் நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. நாற்பத்தேழு வயதில் முதன்முறையாக உரிமம் கேட்டது அதற்காகத்தான். (எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் விண்ணப்பித்திருந்தாள்.)

என் விண்ணப்ப எண் 1022117. வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும், இது பகா எண்ணாக இருக்குமோ என்ற ஆசை வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாத எண், அத்தனை பேரில் என்னைத் தேடி வந்திருக்கிறதே! மூன்றால் வகுத்தேன், மீதி வந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதற்கும் மசியவில்லை. கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே உள்ளே போவது போல இருந்தது. வேப்பம்பழம் ஒன்று தாளில் விழுந்து 61-க்கும் 67-க்கும் நடுவே ஒட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

"என்னங்க, உங்களைத்தான் கூப்பிடுறாக. இன்னும் என்ன எழுதுறீக?"

"தொண்ணூத்தேழு வரைக்கும் வகுபடலை பர்வீன்."

"அது அங்குட்டுக் கிடக்கட்டும். நீங்க கால ஊனிராம வாங்க, அது போதும்."

எட்டின் முதல் வளையத்தை அழகாகவே முடித்தேன். இரண்டு வளையங்களும் சந்திக்கும் இடத்தில், வண்டி நீரில் மிதப்பது போலப் போய்க்கொண்டிருந்தபோது, மனம் அந்த எண்ணோடு நான்கைக் கூட்டியது. 1022121. அது 1011-இன் வர்க்கம்; கூட்டிய நான்கோ இரண்டின் வர்க்கம். அப்படியானால் 1011-க்கு இரண்டு குறைவாக ஒன்று, இரண்டு கூடுதலாக ஒன்று. 1009, 1013. பெருக்கினால் என் எண். பூட்டிய வீட்டுக்குள் இருவர் இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இடது கை பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. வலது கை, சந்தோஷத்தில், ஆக்சிலேட்டரை முறுக்கியது. ஆய்வாளரின் மேசை சாய்ந்தது. அவருடைய தேநீர் பதினேழு விண்ணப்பங்களை நனைத்தது. (பதினேழும் பகா எண்.) நான் காலை ஊன்றவேயில்லை. முதுகைத்தான் ஊன்றினேன்.

"எட்டுப் போடச் சொன்னா எம்மேல ஏன் சார் ஏத்துறீக?" என்றார் ஆய்வாளர்.

"வகுபட்டுருச்சு சார்."

அவர் இரண்டாக உடைந்து கிடந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். "தெரியுது."

அரை மணி நேரம் கழித்து, மிஞ்சிய ஒற்றைக் கண்ணாடியோடு அதே ஸ்கூட்டரில் பர்வீன் எட்டுப் போட்டுத் தேறினாள். அவள் தம்பி பிள்ளைகளுக்கு நான் இன்றும் ஆயிரத்துப் பதினொண்ணு மாமா.

மறுநாள் காலை 5.30-க்கு முதல் வேலையாக 1009-ஐயும் 1013-ஐயும் 31 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன். இரண்டும் பகா எண்களே என்று எழுதி முடிப்பதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். சாக்கோட்டை வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் பர்வீன் தயாராக நின்றாள்.

"பின்னால ஏறுங்க. பேனாவ வீட்டுல வச்சுட்டு வாங்க."