சம்பந்திக்கு ஒரு தம்ளர் கடல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். அங்கும் நலம் என்று உங்கள் மகன் காலையில் வந்தபோதே சொல்லிவிட்டதால் தனியே விசாரிக்கவில்லை.

பதினொரு மாதங்களுக்கு முன் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். கரியில் கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள் உண்டு, இரண்டு கரித் தகடுகளுக்கு நடுவே கடல்நீரை விட்டு மின்சாரம் கொடுத்தால் உப்பு அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் விட்டுவிடும், இப்படியே கடலைக் குடிநீராக்கலாம் என்றேன். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க கரி சுவிட்ச் போட்டிருக்கற வரைக்கும்தான் நினைக்குமாக்கும்!” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஒரு தம்ளர் கடல்நீரை நன்னீராக்கி உங்களைக் குடிக்கவைக்கும்வரை உங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்த மாதமே பேத்தி பிறந்தாள். சொன்னது சொன்னதுதான். அவளுக்கு இப்போது நான்கு பல். போட்டோவில் எண்ணினேன்.

படிப்பு எட்டாவதோடு நின்றாலும், முப்பத்திரண்டு வருடம் பேட்டரிக் கடையில் அமிலத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். தண்ணீர் வடிகட்டிக்குள் இருக்கும் கரியை இடித்து, பசை சேர்த்துத் தகட்டில் பூசினேன். பசை கரைந்து கரி வாளிக்கு வந்தது, வாளியிலிருந்து துவைத்த துணிக்குப் போனது, “உங்க சம்பந்தி மூஞ்சில பூசறதா சொன்ன கரிய என் துணில பூசிட்டீங்களே!” என்று மனைவி கத்தினாள். வேறு பசை பிடித்து, ஒன்றேகால் வோல்ட் போதும் என்ற இடத்தில் அவசரப்பட்டு கார் பேட்டரியின் பன்னிரண்டையும் கொடுத்ததில் தண்ணீர் நுரைத்து குளோரின் நெடி கிளம்ப, மாடி வீட்டுக்காரர் இருமிக்கொண்டே இறங்கி வந்து, “பெரியவரே, கக்கூஸ் கழுவறீங்களா, ஊரையே கழுவறீங்களா?” என்றார். கரிக்கு வயிறு சிறிது என்பது அதன் பிறகுதான் புரிந்தது. உப்பை ஏற்ற வேண்டும், இன்னொரு பாட்டிலில் இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். நாற்பது முறை. நேற்று நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். சப்பென்றிருந்தது. மனம் குளிர்ந்தது.

அந்தத் தண்ணீரைத்தான் மனைவி உங்கள் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டின்போது, சிரித்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், ஒரே மூச்சில் குடிக்கவும். பிறகு நேரில் வந்து என்னை அழைக்கவும். அதற்கு முன் நான் வருவதாக இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். தேநீர் இன்று என்றுமில்லாத ருசி.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மகளுக்கும் மருமகனுக்கும் ஆசி. பேத்திக்கு ஐந்தாவது பல் நோகாமல் முளைக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: குடிக்க வேண்டாம். பாட்டில்களில் ‘உ’ என்று நான் எழுதி ஒட்டியது உப்புநீர், ‘ந’ என்பது நன்னீர். “உ-ன்னா உங்க சம்பந்திக்கு, ந-ன்னா நமக்குன்னு நெனச்சேன்” என்கிறாள் மனைவி. உங்களிடம் இருப்பது நாற்பது முறை இறக்கிய உப்பு. கடலே முகம் சுளிக்கும். நன்னீர் தேநீராகி என் வயிற்றில் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை, தபாலும் இரவுக்குள் வராது. எனவே இக்கடிதத்தை நானே நாலு மணி பேருந்தில் கொண்டுவந்து கூடத்து ஜன்னல் வழியாகத் தருகிறேன். வாசலை மிதிப்பதில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வெளியே நிற்பேன். அதுவரை பேத்தியை யாராவது ஜன்னலோரம் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். நிதானமாகப் படியுங்கள், அவசரமில்லை.