குழாய்க்காரர் வீட்டுக் காற்றுப் பீரங்கி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டட்டும். அவை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

மாடி வீட்டுப் பிளம்பர் ஊரார் அடைப்பையெல்லாம் எடுப்பவர். அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் நகராமல் குடியிருந்தது. மனைவி பாத்திரத்தை வாளியில் கழுவி, அழுக்குத் தண்ணீரைப் படியிறங்கிச் சுமந்து கொட்டினாள்.

"நாள் பூரா அடுத்தவங்க அழுக்குல கை விடுறேன். வீட்டுலயும் அதேவா? இந்த வீட்டு அடைப்பை நான் எடுக்க மாட்டேன். எடுத்தா, அன்னிலேர்ந்து பாத்திரம் பூரா நானே தேய்க்கிறேன்" என்றார் பிளம்பர்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வுக்கே மனுஷன் பயந்திருக்க வேண்டும். அவருக்குக் குழாய் தெரிந்த அளவு ஆள் தெரியாது.

சபதம் போட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை கை அரித்தது. காற்றுப் பீரங்கி ஒன்று செய்யத் தொடங்கினார். டேங்கில் காற்றை அடைத்து வால்வைச் சட்டென்று திறந்தால், குழாயிலிருக்கும் ஸ்பாஞ்சுப் பந்து பறந்துபோய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட வேண்டும். அதுதான் லட்சியம்.

மனைவிக்கும் பாடம் எடுத்தார்: "பிளாஸ்டிக் பைப்புல காத்தை அடைச்சு வைக்கவே கூடாது. வெடிச்சா கத்தி கத்தியா சிதறும். இது காத்துக்குன்னே செஞ்ச இரும்பு டேங்கு. அளவு மீறினா தானா திறந்துக்கிற வால்வு. கண்ணுக்குக் கண்ணாடி போடாம கிட்ட வரக் கூடாது. வாய் ஒருநாளும் ஆள் பக்கம் திரும்பக் கூடாது."

"யார் வாய்?"

"பீரங்கி வாய்."

"சரிங்க."

முதல் தடவை பந்து சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து அவர் காலடியில் படுத்தது. ஓரத்தில் காற்று கசிகிறது என்று கண்டுபிடித்தார். பந்தைச் சுற்றி ஈரத்துணி சுற்றினார். இனி பறக்கும். ஆனால் எங்கே பறக்கவிடுவது? பால்கனிக்கு எதிரே ஓர் அம்மாள் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களின் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட். மொட்டைமாடியில் யாரோ ஒருவர் நடைப்பயிற்சி என்ற பெயரில் நின்றுகொண்டே இருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆள். விதி விதிதான். பிளம்பர் பீரங்கியை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போன வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஆளே இல்லாத பக்கம் ஒண்ணு இருக்குங்க" என்றாள் மனைவி.

"எந்தப் பக்கம்?"

"கீழ்ப்பக்கம்." சமையலறைத் தொட்டியின் ஓட்டையைக் காட்டினாள். "உங்க பந்து இதுல போகுமா?"

"பந்து எதுக்கு? வெறுங்காத்தே போதும். அதுவும் கொஞ்சமா. அதிகம் வெச்சா பைப் மூட்டு பிடுங்கிக்கும். வாய் ஓட்டையோட ஒட்டி நிக்கணும், ஓரத்துல கசியக் கூடாது."

"ஈரத்துணி இந்தாங்க."

துணி ஏற்கெனவே நனைந்திருந்தது. அவளும் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருந்தாள். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. கல்யாணமான நாளாக அவர் சொல்வதை அவள் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

வால்வைத் திறந்தார். பொதக் என்றது. தொட்டித் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, விடைபெறாமலே இறங்கிப் போனது.

"பாத்தியா, ஒரு சொட்டு கசியல" என்றார்.

"ஒரு சொட்டு நிக்கவும் இல்லீங்க" என்று அவர் கையில் தேய்க்கிற நாரைக் கொடுத்தாள்.

"நான் எங்க அடைப்பை எடுத்தேன்? பீரங்கியைச் சோதிச்சேன்."

"அடைப்பு இருக்கா?"

"இல்ல."

"எடுத்தது யாரு?"

"காத்து."

"காத்தைத் திறந்த கை எது?"

பிளம்பர் தன் கையைப் பார்த்தார். அதில் நார் இருந்தது. வால்வும் இருந்தது. நியாயமும் அவள் பக்கம் இருந்தது.

இன்றைக்கும் அவர்தான் தேய்க்கிறார். பளபளவென்று இருக்கும்.

இதை யார் சொன்னது என்று மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் என் வீட்டு வழியாகத்தான் இறங்குகிறது. பீரங்கி இன்னும் மேலேதான் இருக்கிறது.