அரசு முத்திரை போட்ட செவிடு

என் செவிட்டுத்தனத்தை அரசாங்கத்தில் பதிவு செய்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன்.

திருபுவனைப் பக்கம் ஒரு நூல் மில்லில் பத்தொன்பது வருசமாக ராத்திரி ஷிப்ட். மிஷின் இரைச்சல் என் வலது காதைத் தின்றுவிட்டது. இது சத்தியம். இடது காதுக்கு ஒன்றுமில்லை. இது ரகசியம். ரெண்டு காதும் போச்சு என்றுதான் நாலு வருசமாக ஊரையும் பெண்டாட்டியையும் நம்ப வைத்திருந்தேன்.

வேறென்ன செய்ய? பகலில் தூங்குகிறவனை யாரும் மதிப்பதில்லை. காக்கா கூட மதிப்பதில்லை. "மோட்டார் போடுங்க" என்பாள் ஜெசிந்தா. கேட்காது. "சிலிண்டர் மாத்துங்க." கேட்காது. "சாப்பிட வாங்க" என்றால் மட்டும் உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்வேன்.

மாற்றுத்திறனாளி கார்டு வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்றான் மில்லில் கூட வேலை செய்கிற புகழேந்தி. எனக்குப் பணத்தைவிடக் கார்டு பெரிது. அரசாங்கமே செவிடு என்று ஒத்துக்கொண்ட ஒருத்தனைத் தூக்கத்தில் எழுப்ப எவளுக்கு அதிகாரம் உண்டு?

ஜெசிந்தா முட்டுக்கட்டை போடுவாள் என்று நினைத்தேன். துள்ளிக் குதித்தாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் அவளே வில்லியனூருக்கு எடுத்துப்போய், ஆன்லைனில் மனு போட்டு வந்து, வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னாங்க! வர்ற வாரம் வெள்ளிக்கெழம பெரியாஸ்பத்திரிக்கு போவணும்! போர்டு!"

"இன்னா போர்டு? ஸ்கூல் போர்டா?"

"டாக்டருங்க போர்டு! காத சோதிச்சி பர்சென்ட் போடுவாங்க! நாப்பது இருந்தாத்தான் பணம்!"

"நாப்பது இன்னா, நமக்கு நூறு!"

எதிர் வீட்டுக் காசம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, காது கேக்காத மனுசன்மேல இப்பிடி எரிஞ்சி வுழுற? பாவம்டி அவரு."

நான் பாவமாகவே நின்றேன். ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு ஆஸ்பத்திரி. மூணு வரிசை, நாலு கையெழுத்து. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இது அந்த வரிசை இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு கண்ணாடி அறை. செல்வகுமாரி என்று பேட்ஜ் குத்தியிருந்த பெண் என் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். இடது காதில் கொசு பாடியது. அமுக்கவில்லை. குயில் கூவியது. அமுக்கவில்லை. கப்பல் சங்கு ஊதியது. மகான் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

செல்வகுமாரி ஜெசிந்தாவிடம் ஏதோ சொன்னாள். ஜெசிந்தா அதை என் காதில் கத்தினாள்.

"தலையில ஒயரு ஒட்டி இன்னொரு டெஸ்டு எடுப்பாங்களாம்! நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்! மிஷின் மூளையாண்டயே கேட்டுக்குமாம்!"

எனக்கு வியர்த்தது. வாய் கட்சி மாறாது. மூளையை எப்படி நம்புவது?

"தூங்குனாத்தான் எடுப்பாங்களாம்!"

அப்பாடா. "எனக்குப் பகல்ல தூக்கமே வராதும்மா" என்றேன்.

"அதனால இன்னா, மொதல்ல சாப்பிடுங்க" என்று ஜெசிந்தா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். தயிர்சாதம். ராத்திரி முழுக்க நின்ற கால்கள். ஏசி அறை. காக்கா இல்லை. பத்தொன்பது வருசத்தில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதில்லை.

எழுந்தபோது டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது காது ரொம்ப மோசம். இடது காது நல்லாருக்கு. ரெண்டுக்கும் சேர்த்துப் பதினோரு பர்சென்ட். உதவித்தொகைக்குத் தகுதி இல்லம்மா."

"தகுதி இல்லன்னு சீல் வச்சி பேப்பர் குடுப்பீங்களா சார்?" என்றாள் ஜெசிந்தா.

"குடுப்போம். அது எதுக்கு?"

"அதுக்குத்தான் சார் வந்ததே."

பஸ்ஸில் என் இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. கல்யாணமான புதுசில் பேசின குரலில் பேசினாள்.

"யோவ். சிலிண்டருன்னா கேக்காது, சிக்கன்னா கேக்கும். நாலு வருசமா எனக்குத் தெரியாதா? ஆனா எவ நம்புனா? செவிட்டுப் புருசன கத்தியே கொல்றா ராட்சசின்னு, மாதா கோயில்ல கூட எம் பக்கத்துல ஒக்கார மாட்டேங்கிறாளுவ. அதான் மனு போட்ட அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்து கேட்டுட்டுப் போனேன், பொய் சொல்றவங்கள எப்பிடிக் கண்டுபுடிப்பீங்கன்னு. ராத்திரி தூங்காம கூட்டியா, இங்க தூங்கிட்டா மிஷினே சொல்லிடும்னாங்க."

எனக்கு ரெண்டு காதும் நிஜமாகவே அடைத்துக்கொண்டன.

வில்லியனூரில் இறங்கி, பேப்பரை லேமினேட் பண்ணினாள். முதலில் காசம்மாள் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் எடுத்துப் போனாள்.

நானும் விடவில்லை. சீல் வைத்த பேப்பரிலேயே வலது காது ரொம்ப மோசம் என்று இருக்கிறதே! திங்கட்கிழமை காலை இடது காதைத் தலையணையில் புதைத்து, வலது காதை மேலே வைத்துப் படுத்தேன். மோட்டாரும் இல்லை, சிலிண்டரும் இல்லை. சொர்க்கம்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது, வீட்டிலிருந்த தலையணை எல்லாம் துவைத்துக் கொடியில் தொங்கின. அன்றிலிருந்து மூணு வாரமாகக் கத்தரி வெயில் கொளுத்துகிறது. அவை இன்னும் காயவில்லையாம்.