கட்டி கரைக்கும் மருந்து

அரண்மனையும் ஆய்வகமும் அடுத்தடுத்து அமைந்துவிட்ட ஒரு காட்டில், சிங்கராஜாவின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி முளைத்தது. அரண்மனை வைத்தியர்களான குரங்குகளுக்கு அன்றைக்கென்று பார்த்து வெளியூரில் கல்யாணம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது ஆய்வகத்துத் தேவாங்கு உருட்டுவிழிதான்.

"கட்டி கரையலேன்னா உன்னைத் தின்னுடுவேன்" என்றது ராஜா.

உருட்டுவிழி வேலையில் கெட்டி, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ராஜாவின் செல்களுக்குள் ஒரு புரதம், விரல் போன்ற உறுப்புகளால் டி.என்.ஏ.வை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு, கட்டியை வளரச் சொல்லி உசுப்பேற்றிக்கொண்டிருந்தது. அந்த விரல் ஒவ்வொன்றையும் விறைப்பாக வைத்திருப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு துத்தநாக அணு. அதை உருவிவிட்டால் விரல் தொளதொளத்துவிடும், பிடியும் விட்டுப்போகும்.

துத்தநாகத்தை உருவும் மருந்து தயாரானது. சோதனைக் குழாயில் கெட்ட புரதத்தைப் போட்டு மருந்தை ஊற்றியதும் பிடி விட்டது. "கெட்டதை மட்டும்தான் தாக்குது!" என்று உருட்டுவிழி குதித்தது. குழாயில் வேறு புரதமே போடவில்லை என்பது அந்தச் சந்தோஷத்தில் அதற்குத் தோன்றவில்லை.

அமைச்சர் உடும்புக்குத்தான் லேசாக உதைத்தது. பிடி விஷயம் என்றால் அதற்குத் தனி அக்கறை.

"ஏம்மா, ராஜா உடம்புல இதே மாதிரி விரல் வச்ச நல்ல புரதமும் எவ்வளவோ இருக்குமே. அதையெல்லாம் விட்டு வைக்குமா?"

"அதை அடுத்த கட்ட ஆராய்ச்சியில பார்த்துக்கலாம், அமைச்சரே."

அடுத்த கட்டம்வரை உயிரோடு இருக்க வேண்டுமே என்பது அதன் கவலை.

ராஜா குடித்தது. கட்டி கரைந்தது. கூடவே பிடரி கொட்டியது, நகம் உதிர்ந்தது, பசி செத்தது. கர்ஜிக்க வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது. நல்ல விரல், கெட்ட விரல் என்றெல்லாம் மருந்துக்குத் தெரியவில்லை. துத்தநாகம் இருந்த இடத்தில் எல்லாம் கைவைத்துவிட்டது.

தொலைந்தோம் என்று உருட்டுவிழி வாசலைப் பார்த்து நழுவியது. ஆனால் துரத்திப் பிடிக்க ராஜாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. வாசலில் மான்கள் மாலையோடு வந்து நின்றன.

"இப்படி ஒரு மருந்தை எங்க இனம் பார்த்ததே இல்லம்மா" என்று மூத்த மான் கண் கலங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சிறுத்தைக்கும் கழுத்துல ஒரு கட்டி இருக்கிற மாதிரி தெரியுது. ஒரு நடை வந்து பாருங்களேன்" என்றது.

உருட்டுவிழி மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிறுத்தை இருந்த திசையைப் பார்த்தது.

"ஆமாம், இங்கேருந்தே தெரியுது."

நீதி: மருந்து வேலை செய்ததா என்று நோயாளியிடம் கேட்காதே, அவன் யாரைத் தின்றுகொண்டிருந்தானோ அவர்களிடம் கேள்.