உஷ் ஜட்ஜ் மேசைக்கடியில் புகுந்த கதை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வக்கீல்களை ஒரே சொல்லில் வாயடைக்க வைத்த மனிதர் உஷ் ஜட்ஜ் ஒருவர்தான். எங்கள் குடும்ப நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளன். அவர் பெயர் கதவில் பித்தளையில் மின்னும். ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாராவது குரலை உயர்த்தினால் போதும், உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்பார்.

யாழ்ப்பாணக் குடும்பம். கோலா கெத்திலில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு அவர் நாக்கைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு விவாகரத்தில் பூனை யாருக்கு என்று கோலாலம்பூர் வக்கீல் ஒருவர் அரைமணி நேரம் முழங்கினார். "உஷ்! பூனையைக் கேட்டனீங்களோ?" வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் இரண்டு சம்பந்தியம்மாக்கள் கூரை பறக்கக் கத்தினார்கள். "உஷ்! விவாகரத்து உங்க ரெண்டு பேருக்குமோ?"

அப்பேர்ப்பட்டவரிடம் வந்தது பாடாங் செராய் லோரிக்காரர் வழக்கு. மனைவி பிரிந்துபோய் மெர்கோங்கில் இருந்தார். ஆறு வயது மகள் யாரிடம் வளர்வது என்பதுதான் சண்டை. இருவருமே விடுவதாக இல்லை. பிள்ளையைத் தனியே கேட்கலாம் என்று ஜட்ஜ் ஐயா தன் அறைக்கு அழைத்தார். அவள் வந்த வேகத்தில் மேசைக்கடியில் புகுந்துகொண்டாள்.

மிட்டாய் காட்டினேன். ம்ஹூம். ஐயா என்ன செய்தார் தெரியுமா? கறுப்பு அங்கியோடு அந்த யானை உடம்பை மேசைக்கடியில் நுழைத்துவிட்டார்!

"யாங் ஆரிஃப், பார்த்து!" என்று மலாயில் நீதிபதிக்குரிய மரியாதை தவறாமல் பதறினேன்.

"உஷ்! நீரும் குனியும்."

குனிந்தேன். தலைவிதி.

"ஏன் பிள்ளை இங்க வந்தனி?"

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்பாகூட போனா அம்மா அழுவாங்க லா. அம்மாகூட இருந்தா அப்பா அழுவாரு. நான் இங்கயே இருந்துக்கறேன் தாத்தா."

ஐயாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். "இருக்கலாம் பிள்ளை. ஆனா எனக்கு முதுகு பிடிச்சிட்டுது," என்றார்.

நிஜமாகவே பிடித்துக்கொண்டது! நான் இழுத்தேன், மலை நகரவில்லை. ஓடிப்போய் அப்பனையும் ஆத்தாளையும் கூட்டிவந்தேன்.

"நீங்க அந்தக் கையப் பிடிங்க லா!" என்றார் அம்மா.

"பிடிச்சிட்டேன், நீ மெதுவா இழு, ஜட்ஜ் சட்ட கிழிஞ்சிரும்!"

ஒரு வருஷமாக வக்கீல் மூலமாகவே பேசிக்கொண்டவர்கள். உள்ளேயிருந்து பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தானாக வெளியே வந்தாள்.

இருவரும் சேர்ந்துவிட்டார்களா என்கிறீர்களா? அதெல்லாம் சினிமாவில். பள்ளி நாளெல்லாம் அம்மாவிடம், கெடாவில் வார விடுமுறையான வெள்ளி சனி அப்பாவிடம் என்று தீர்ப்பானது. இடுப்பைப் பிடித்தபடி ஐயா ஒன்று சேர்த்துச் சொன்னார்: "பிள்ளையை அனுப்பேக்க ரெண்டு பேரும் அழக்கூடாது. அழவேணுமெண்டா என்ர அறைக்கு வந்து அழுங்கோ."

இதை நீதிமன்றப் பதிவுக்காக ஒரு சொல் விடாமல் மலாயில் எழுந்து சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையை அனுப்பிவிட்டு, அந்த அப்பா உண்மையிலேயே ஐயாவின் அறைக்கு வந்து நின்றார். ஐயா கோப்புகளைத் தள்ளி வைத்தார். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார், அந்த முதுகுவலியோடு. ஐயாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இன்றுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.