தேவாங்கு சொன்ன நன்றியுரை

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பதைப் போல, இரண்டு கால்பந்து அணிகள் இருந்தன. ஒன்று தோற்கும் அணி. அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று ஜெயிக்கும் அணி. அதற்குப் பொன்னாடை உண்டு.

சம்பளம் வாங்கியது ஆண்கள் அணி. அவர்கள் போகவர ஒரு வண்டி நின்றது. ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முட்டை. கால் பிடித்துவிட ஒரு மலைப்பாம்பைக்கூட வேலைக்கு வைத்திருந்தார்கள். பெண்கள் அணிக்குப் பன்னும் டீயும். பந்துகூட ஆண்கள் உதைத்துச் சலித்த பிறகுதான் அவர்களிடம் வரும். ஆனால் ஜெயித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கால்பந்துக் கழகத் தலைவர் மேடை போட்டு ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவார். சித்திரை வெயிலிலும் போர்த்துவார். இடதுபுறம் ஆடும் முயலின் வீட்டில் ஜன்னல் திரை, தலையணை உறை, கரித்துணி எல்லாமே சரிகை போட்டதுதான்.

இந்தப் பெண்கள் அணியில் நித்திலா என்றொரு தேவாங்கு இருந்தாள். அணியில் இருந்தாள் என்பதைவிட அணியின் ஓரத்தில் இருந்தாள் என்று சொல்வது பொருத்தம். மாற்று ஆட்டக்காரி. யாருக்காவது அடிபட்டு இவளைக் கூப்பிட்டால், இவள் எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால் கண் பெரியது. காட்டில் நடக்கும் எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. பார்த்ததைச் சொல்லத்தான் வாய் வராது. ஒருநாள் டீக்கடைக்காரர் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நித்திலா குடித்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கென்று தனியாக உப்பு டீ போட ஆரம்பித்தார். அவளும் தினமும் குடித்தாள்.

அந்த வருஷம் பெண்கள் அணி காடுகளுக்கு இடையிலான கோப்பையில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஆட்டம் மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு. வண்டியில் போனால் இரண்டு மணி நேரம். நடந்தால் இரண்டு நாள். இரண்டு நாள் மலையேறிவிட்டு எதிரணிச் செந்நாய்களோடு எப்படிக் கால்பந்து ஆடுவது?

"கழகத்துக்கு ஒரு மனு எழுது நித்திலா. நீதான் படிச்சவ" என்றாள் அணித்தலைவி பேச்சி. பேச்சி ஒரு கீரி. மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பதே அவளிடம் கிடையாது.

"எனக்குப் பெரியவங்ககிட்ட கேக்க வராதுக்கா."

"வாயால கேக்க வேண்டாம், எழுதினா போதும். வண்டி வேணும். ரெண்டு வார்த்தை. அதுக்கு ஒரு டிகிரி பத்தாதா உனக்கு?"

பத்தவில்லை. நித்திலா மூன்று பக்கம் எழுதினாள். முதல் பக்கம் முழுக்கத் தலைவரின் கருணை. இரண்டாம் பக்கம் அவருடைய தொலைநோக்கு. மூன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி: "தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், இறுதி ஆட்டத்துக்கு ஒரு வண்டி." அது மிரட்டலாகத் தெரிந்தது அவளுக்கு. ஆகவே, "இல்லையென்றாலும் பாதகமில்லை" என்று சேர்த்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

கழக அலுவலகத்தில் நீண்ட வரிசை. எழுத்தர் உடும்பு, மனுவோடு ஒரு படிவத்தையும் கேட்டார்.

"இதுல அணியோட தந்தை அல்லது கணவர் பேரு காலியா இருக்கு."

"சார், இது ஒரு அணிங்க சார்."

"இருக்கட்டும்மா. பொறுப்பான ஆள்னு ஒருத்தர் வேணாமா?"

பின்னால் நின்ற ஆமை, "சீக்கிரம் எழுதிக் குடும்மா, எனக்கு நேரமாகுது" என்றது. நித்திலாவுக்கு ஆமையின் நேரத்தை வீணாக்குகிறோமே என்று குற்ற உணர்ச்சி வந்தது. அந்தக் கட்டத்தில் "ஆண்கள் அணி" என்று எழுதிக் கொடுத்தாள்.

"படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்று உடும்பு முத்திரை குத்தினார்.

தலைவர் ஒரு கொம்பன் யானை. மனுவைச் சத்தமாகப் படித்தார். முதல் பக்கத்தில் குரல் தழுதழுத்தது. இரண்டாம் பக்கத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மூன்றாம் பக்கத்தைத் திருப்பாமலே மனுவை மடித்து வைத்துவிட்டார்.

நித்திலா அதைப் பார்த்தாள். பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "ஐயா..." என்றாள்.

"சொல்லும்மா."

"நன்றிங்க ஐயா."

"பாத்தியா உடும்பு, இதுதான் பண்பு! இந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஒரு பாராட்டு விழா வை. மகளிர் நிதி மொத்தத்தையும் இதுக்கே எடுத்துக்கோ. அணியில ஒருத்தர் விடாம வரணும். வராதவங்க பேரை அடிச்சிடு. சிறப்பு விருந்தினரா ஆண்கள் அணியை வண்டியில கூட்டிட்டு வா."

செய்தியைக் கேட்டதும் பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வண்டி கேக்கப் போனவ, நடந்து போற வழியையும் அடைச்சிட்டு வந்திருக்கியே, மகராசி!"

"மூணாம் பக்கத்துல கேட்டிருந்தேன்க்கா."

"மூணாம் பக்கத்தை உன் நெத்தியில ஒட்டிக்கிட்டுப் போயிருக்கணும். திரும்பிப் போ. இந்தத் தடவை வாயால கேளு."

நித்திலா திரும்பிப் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டதால், தலைவர் முன்னால் எப்படியோ கேட்டும் விட்டாள்.

தலைவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் ஆபத்து. "ஏம்மா, பசங்க தோக்கறாங்க. தோக்கறவனுக்குத்தானே வண்டியும் முட்டையும் வேணும்? நீங்க ஒண்ணுமில்லாமயே ஜெயிக்கறீங்க. அதுல கையை வச்சு நான் கெடுக்கலாமா?"

நித்திலாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "சரிங்க ஐயா" என்று வெளியே வந்துவிட்டாள். அலுவலகத்தைத் தாண்டி ஏழாவது மரத்தடியில்தான், "அப்போ நாங்க தோத்தா குடுப்பீங்களா?" என்ற கேள்வி அவளுக்குத் தோன்றியது. நல்ல கேள்விகள் எல்லாம் அவளுக்கு ஏழாவது மரத்தடியில்தான் தோன்றும். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று யோசித்தாள். தோற்கிற பெண்களுக்கு எதற்கு வண்டி என்பார். அதற்கும் தான் சரிங்க ஐயா என்றுதான் சொல்வோம் என்று தெரிந்ததால் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணி விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. தலைவர் பேசினார். தலைவரைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். ஆண்கள் அணித்தலைவன் இளவழகன், ஒரு கடுவன் குரங்கு, தாங்கள் ஒன்பது கோல் வாங்கித் தோற்றபோதும் மனம் தளராமல் முட்டை சாப்பிட்டதைப் பற்றி உருக்கமாகப் பேசினான். அவர்கள் வந்த வண்டி எதிரே மரநிழலில் நின்றது. பெண்கள் அணி பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டு அந்த வண்டியையே பார்த்தது.

மணி ஒன்றரை ஆனபோது பேச்சி குனிந்து நித்திலாவின் காதில், "இன்னும் கால் மணியில அந்த வண்டியில கிளம்பலைன்னா ஆடாமலே தோத்தோம்" என்றாள்.

அப்போது உடும்பு மைக்கில், "அடுத்து நன்றியுரை. மனுவை எழுதிய செல்வி நித்திலா" என்றார்.

நித்திலாவுக்கு யாரும் முன்னரே சொல்லவில்லை. மேடையேறினாள். காடு முழுக்க அவளைப் பார்த்தது. பேச்சை நிறுத்தினால் எல்லோரும் இன்னும் நன்றாகப் பார்ப்பார்களே என்ற பயத்தில், நிறுத்தாமல் நன்றி சொல்ல ஆரம்பித்தாள். பந்தல் போட்ட தூக்கணாங்குருவிகளுக்கு நன்றி. மைக் செட் போட்ட மரங்கொத்திக்கு நன்றி. டீ கொடுத்தவருக்கு, டீ குடித்தவர்களுக்கு, குடித்த டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. வெயிலுக்கு நன்றி. நடந்த காரியங்கள் எல்லாம் தீர்ந்துபோயின. வாய் மட்டும் நிற்கவில்லை. அது நடக்காத காரியங்களுக்கு நன்றி சொல்லப் போய்விட்டது.

"பெண்கள் அணி இப்போதே இறுதி ஆட்டத்துக்குக் கிளம்ப, அதோ அந்த வண்டியைக் கொடுத்த தலைவர் ஐயாவுக்கு நன்றி!"

பின்வரிசையில் ஒரு காட்டுக்கோழி கைதட்டியது. அதைப் பார்த்து மிளா மான்கள் தட்டின. பிறகு பந்தலே அதிர்ந்தது. தலைவர் வாழ்க என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

தலைவர் துதிக்கையை உடும்பின் காதுக்குக் கொண்டுபோனார். "நான் குடுத்தேனா?"

"இவ்வளவு கைதட்டுறாங்க. குடுத்திருப்பீங்க ஐயா."

தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

வண்டி கிளம்பியது. ஆண்கள் அணி இறங்கவில்லை. உற்சாகப்படுத்த வருகிறோம் என்று இருக்கைகளிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றபடியே மலையைத் தாண்டினார்கள். நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது இறங்கி ஓடினார்கள். செந்நாய்களை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். அதில் ஒரு கோல் பேச்சி போட்டது.

வண்டி கொடுத்துக் கோப்பை வாங்கித் தந்த தலைவருக்கு அடுத்த வாரமே பாராட்டு விழா ஏற்பாடானது.

"நித்திலா, உன் வாய்லதான் நம்ம பிழைப்பு இருக்கு" என்றாள் பேச்சி. "ஆம்பளைகளுக்குச் சமமா சம்பளம் குடுத்ததுக்கு நன்றின்னு சொல்லு. பூட்ஸுக்கு நன்றி, முட்டைக்கு நன்றி. கைதட்டு வாங்கிக் குடு, போதும்."

நித்திலா ஏழு நாள் குளத்தைப் பார்த்துப் பேசிப் பழகினாள். முதல் நாள் தவளைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் நாலு தவளைகள் கைதட்டின. வாழ்க்கையில் முதல்முறையாக, மைக் எப்போது வரும் என்று அவளுக்கு அவசரமாக இருந்தது.

விழா மேடையில் உடும்பு மைக்கைப் பிடித்தார். "செல்வி நித்திலா கூச்ச சுபாவம். அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று தலைவர் ஐயா கருணையோடு சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு அணிகளின் சார்பிலும் இளவழகன் நன்றி சொல்வார்."

இளவழகன் ஒரே தாவலில் மைக் முன்னால் நின்றான். போன விழாவில் அவனும் கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"ஆண்கள் அணியின் சம்பளத்தை இந்த மாதம் முதல் இரண்டு மடங்காக உயர்த்திய தலைவர் ஐயாவுக்கு நன்றி!"

பந்தல் அதிர்ந்தது. தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் கைதட்டலை ஆரம்பித்த ஆள் யார் என்று வரிசை வரிசையாகத் தேடினாள். கடைசியில் பக்கத்தில் பார்த்தாள்.

"பழக்கதோஷத்துல தட்டிட்டேன்க்கா" என்றாள் நித்திலா.

நீதி: கேட்டால் கிடைக்காது, கொடுத்துவிட்டதாக மைக்கில் நன்றி சொன்னால் கிடைக்கும். ஆனால் இரண்டாவது தடவை உங்களை மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே, முதல் தடவையே எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிடுங்கள்.